‘சும்மா’ என்று ஒரு கோப்பு

பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் நாலு வரியாவது படித்துவிடு. மூன்று முறை ஜெயிலுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். மூன்று முறையும் உள்ளே இருந்து ஒரே சீட்டுதான் வந்தது: பார்க்க விருப்பமில்லை. கடைசித் தடவை வாசலில் நின்ற காவலர், “உங்கக்கா ரொம்ப அழுத்தம் சார்” என்றார். “பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறையைக் காலி செய்தோம். உன் பழைய பிரிண்டரின் கையேட்டுக்குள் ஒரு சிடி இருந்தது. அதன்மேல் உன் கையெழுத்தில், ‘லிஃப்ட் - முழுசும்’. சரக்குக் கிடங்கு லிஃப்டுக்கு நீ எழுதிய அசெம்பிளி புரோகிராம் முழுதும் அதில் இருக்கிறது. தனித்தனி ஃபைல்கள், லைப்ரரி, அந்த மெஷினில் தட்டச்சு செய்த கட்டளைகளின் பட்டியல் கூட. லிஃப்டைக் கொடுத்த வாரக் கடைசியில் எடுத்திருக்கிறாய், உனக்கே மறந்திருக்கும். நீ வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது, துண்டு துணுக்குகூட மிச்சமில்லை என்றுதானே கோர்ட்டில் சொன்னார்கள்?

வக்கீலம்மாவிடம் காட்டினேன். “புது ஆதாரம்னு கொடுக்க மே இருபது கடைசி நாள். உங்கக்கா எழுதின புரோகிராம் ஓடி, எல்லை வந்ததும் லிஃப்டை நிறுத்துதுன்னு காட்டுங்க. காட்டினா மறுவிசாரணை கேக்கறேன். அதுக்கப்புறம் அந்தக் கதவு மூடிடும்” என்றார்.

என் போன் ரிப்பேர் கடையில் இருக்கும் லினக்ஸ் மெஷினில் போட்டுப் பார்த்தேன். தனித்தனி ஃபைல்களை ஒன்றாக லிங்க் பண்ணும்போதே முரண்டு பிடிக்கிறது. motor.o என்ற ஃபைலின் கட்டமைப்பு i386, வெளியீட்டின் கட்டமைப்பு x86-64, இரண்டும் ஒத்துப்போகாது என்கிறது. இணையத்தில் தேடினால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். உன் ஃபைல்களைப் பற்றி உனக்குத்தானே தெரியும். என்ன செய்யட்டும்?

அப்பா அப்படியேதான் இருக்கிறார்.

தம்பி

•

மார்ச் 6

தம்பிக்கு,

கடிதம் நாலாம் தேதி கைக்கு வந்தது. இங்கே கடிதப் பிரிவில் இருக்கும் அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, முத்திரை குத்தி, தேதி போட்டு, நகல் எடுத்துக்கொண்டுதான் கொடுப்பார். i386 என்பது என்ன சங்கேதம் என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பழைய பிராசசரின் பெயர் என்றேன். “அது யாரு, அவரு மேலயும் கேஸ் இருக்கா?” என்றார். உறை ஒட்டும் கூடத்தில் எனக்கு அரை மணி நேர வேலை போயிற்று.

நீ கேட்டதற்கான பதில் இணையத்தில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். நான் எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்டிருக்கிறாய். போகட்டும், எழுதுகிறேன்.

என் ஃபைல்கள் முப்பத்திரண்டு பிட். உன் மெஷின் அறுபத்துநாலு. நீ எதுவும் சொல்லாவிட்டால், ஃபைல்களை இணைக்கும் லிங்கர் தன் மெஷினுக்குத்தான் வேலை செய்யும். இது பழைய வகை என்று நீதான் சொல்ல வேண்டும். ld -m elf_i386 என்று தொடங்கு. மூலத்திலிருந்து மறுபடி உருவாக்குவதாக இருந்தால் as --32. இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இதைச் சொன்னால் அந்த எரர் வராது.

இனி நான் கேட்க வேண்டியது. கோர்ட்டில் கூண்டில் ஏறி நாலே வார்த்தை சொன்னாய். “நான் காப்பி மட்டும்தான் பண்ணேன்.” அக்காவைப் பார்க்காமல், கம்பெனி வக்கீலைப் பார்த்துச் சொன்னாய். அது உண்மை என்றால் உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் அது உண்மை என்றால், அன்றைக்கு மெஷினில் நான் விட்டுப் போன ஃபைலே தப்பானது என்று ஆகிறது.

அன்று காலை அப்பா குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உனக்கு போன் செய்தேன். “என் மெஷின்ல liftனு ஒரு ஃபைல் இருக்கு. அதை அப்படியே காப்பி பண்ணிக் கிடங்குல போட்டுட்டு வா. வேற எதையும் தொடாதே.” சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ வந்து, “முடிஞ்சுதுக்கா, ஒரு எரர் இல்ல” என்றாய். அப்பாவின் கட்டில் விளிம்பில் காகிதத்தை வைத்து, சரிபார்த்ததாக நான் கையெழுத்துப் போட்டேன். சரிபார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஏழு மாடிக் கிடங்கில், முதல் தடவையாக உச்சிக்குப் போன லிஃப்ட் நிற்காமல் இழுத்துக்கொண்டே போய், கம்பி அறுந்து விழுந்தது. சுமைக்காரர்கள் இரண்டு பேர், சரக்குப் பதிவு எழுதும் பெண் ஒருத்தி. மூன்று பேர்.

நாலு வருடமாக நான் யோசிப்பது ஒன்றைத்தான். விட்டுப் போனது சரியான ஃபைலா, சோதனை ஃபைலா? அதைக் கண்டுபிடித்துச் சொல். வெளியே வருவதும் வராததும் வக்கீலம்மாவின் கவலை.

அக்கா

•

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் பார்த்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். கீழே பூட்டு ரிப்பேர்காரர், “என்ன சார், லவ் லெட்டரா?” என்றார். “எங்கக்கா திட்டியிருக்கா” என்றேன். “அப்ப இன்னும் நல்லது” என்றார்.

நீ சொன்னபடி -m elf_i386 போட்டேன். முதல் எரர் போயே போய்விட்டது. அடுத்தது வந்து நிற்கிறது. சி லைப்ரரியைத் தேடுகிறதாம். கிடைத்தது ஒத்துவராது என்று தாண்டிப் போகிறதாம். கடைசியில் -lc கிடைக்கவில்லை என்று கையை விரிக்கிறது. எதிரிலேயே வைத்துக்கொண்டு கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? நம் அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுவாரே, அந்த மாதிரி.

அப்பாவைப் பற்றி ஒரு வரியில் எழுதியது உனக்குப் போதாது என்று தெரியும். வாதத்தில் விழுந்த வலது கை இன்னும் வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கிறது: “சரி.” சாப்பிட்டீங்களாப்பா, சரி. வலிக்குதா, சரி. அக்காவுக்கு லெட்டர் எழுதறேன், சரி. முதலில் சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இன்னொரு விஷயம். உன் தம்பி பெண்டாட்டிக்கு ஏழு மாதம். மே நடுவில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். நீதான் பார்க்க மாட்டேன் என்கிறாயே.

தம்பி

•

மார்ச் 23

தம்பிக்கு,

ஏழு மாதம் என்பதை இரண்டு தடவை படித்தேன். அவளைப் படி ஏற விடாதே. உன் கடை மாடிப்படி எனக்குத் தெரியும், மூன்றாவது படி ஆடும்.

எரருக்கு வருகிறேன். உன் மெஷினில் இருப்பது அறுபத்துநாலு பிட் சி லைப்ரரி. பெயர் அதேதான், ஆள் வேறு. அதனால்தான் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறது. முப்பத்திரண்டு பிட்டுக்கான லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டும். gcc-multilib என்று தேடு, அதோடு சேர்ந்தே வரும்.

புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று வக்கீலம்மா கோர்ட்டில் விளக்க வேண்டியிருக்கும். எளிமையாக எழுதுகிறேன், அப்படியே கொடு. மோட்டார் ஒவ்வொரு முறை கம்பியை இழுப்பதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்கும்: இன்னும் போகலாமா? அந்தக் கேள்விக்குப் பெயர் varambu. அதற்குப் பதில் சொல்லும் பகுதி பதினோரு வரி. லிஃப்ட் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்று பார்க்கும். எல்லையைத் தாண்டினால் ‘கூடாது’ என்று சொல்லும், மோட்டார் நின்றுவிடும். இது நான் எழுதிய லைப்ரரியான liblift.aவுக்குள் இருக்கிறது.

மேசையில் லிஃப்ட் கிடையாது, உயரமும் எடையும் கிடையாது. அதனால் மோட்டார் பகுதியை மட்டும் சோதித்துப் பார்க்க இன்னொரு ஃபைல் எழுதி வைத்திருந்தேன். பெயர் summa.o. அதிலும் varambu உண்டு, ஆனால் அது எதையும் பார்க்காது. என்ன கேட்டாலும் ‘சரி’ என்று சொல்லும். விழுந்த லிஃப்டில் இருந்தது அதுதான் என்று நிபுணர் காட்டினார். காட்டியது உண்மை. அது எப்படி அங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

என்னுடைய பதினோரு வரியை உறை ஒட்டிக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒப்பிடும் வரியில் பெரியது சிறியது மாறிவிட்டதோ என்று ஒரு நாள் சந்தேகம் வரும். மறுநாள் இல்லை என்று தோன்றும். இங்கே ஓட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. நீ ஓட்டிப் பார். உச்சிக்கு மேலான ஓர் உயரத்தைக் கொடு. என்ன சொல்கிறது என்று எழுது.

அப்பா ‘சரி’ என்று சொல்வதை இனிமேல் எழுதாதே.

அக்கா

•

ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

சி லைப்ரரி வந்துவிட்டது. அந்த எரரும் போயிற்று. இப்போது ஒரே ஒரு எரர்தான் மிச்சம், அதுவும் உன் varambuவே. யாரோ அதைக் கேட்கிறார்களாம், எங்கேயும் வரையறுக்கப்படவில்லையாம். லைப்ரரியைத் திறந்து உள்ளே இருப்பவற்றைப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது, கண்ணால் பார்த்தேன். ஆனால் லிங்கர் இல்லை என்று சாதிக்கிறது. நான் அடித்தது இது:

ld -m elf_i386 liblift.a main.o motor.o -lc

என்ன தப்பு? இந்த எரரை முன்னாலேயே எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். போன வாரம் ஒருவர் கடைக்குப் பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ஜ் ஏறவில்லை என்றார். “இதுக்கு ரிப்பேர் பண்றதுக்குப் புதுசே வாங்கலாம்” என்றேன். “இது என் வீட்டுக்காரியோடது சார். கிடங்குல லிஃப்ட் விழுந்துதே, அதுல போனவ” என்றார். என்னை அவருக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் நான் கூண்டில் நின்றது பத்து நிமிடம், அவர் எங்கோ பின்வரிசையில் இருந்திருப்பார். சாக்கெட்டை மாற்றினேன். திரையில் வெளிச்சம் வந்ததும், “அவ்ளோதான் சார் வேணும்” என்று சொல்லி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்தப் புரோகிராமை ஓட்டிக் காட்டி முடிக்க வேண்டும் அக்கா. உனக்காக மட்டும் இல்லை. சீக்கிரம் எழுது.

தம்பி

•

ஏப்ரல் 9

தம்பிக்கு,

அந்த மனிதரை எனக்குத் தெரியும். தீர்ப்பு வாசித்த அன்று, என்னை வண்டியில் ஏற்றும்போது எதிரே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “எண்ணி வச்சிருக்கலாமேம்மா மாடிய” என்று மட்டும் சொன்னார். எண்ணித்தான் வைத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணி வைத்தேனா என்பதே எனக்குத் தெரியாதே.

உன் தப்பு வரிசையில் இருக்கிறது. லைப்ரரியை முன்னால் போட்டிருக்கிறாய். லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே தடவைதான் நடந்து போகும். லைப்ரரி வாசலுக்கு வரும்போது அதுவரை யார் என்ன கேட்டிருக்கிறார்களோ அதை மட்டும் உள்ளே இருந்து எடுத்துக்கொள்ளும். நீ அடித்ததில், அந்த வாசலுக்கு அது வந்தபோது யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. வெறுங்கையோடு தாண்டிவிட்டது. பிறகுதான் motor.o வந்து varambu வேண்டும் என்கிறது. திரும்பிப் போக லிங்கருக்குத் தெரியாது. கேட்பவர்கள் முன்னால், கொடுப்பவர் பின்னால். இதுதான் சரி:

ld -m elf_i386 main.o motor.o liblift.a -lc

ஒன்று சொல்லிவைக்கிறேன். அவசரத்தில் summa.oவைச் சேர்த்து அந்த எரரின் வாயை அடைத்துவிடாதே. அதிலும் varambu இருப்பதால் லிங்கர் திருப்தியாகிவிடும், லைப்ரரியில் இருக்கும் நிஜத்தைத் தொடாது. இரண்டு இருக்கிறதே என்று கேட்கக்கூடச் செய்யாது. ஒரு எரர் இல்லாமல் அழகாக முடியும். அப்புறம் லிஃப்ட் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்.

சிடியில் கட்டளைகளின் பட்டியல் இருப்பதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வாரம் என் மெஷினில் அடித்ததெல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பத்து வரியை அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. நான் கடைசியாக எதை லிங்க் செய்தேன் என்று அதில் தெரிந்துவிடும். நாலு வருடமாக யோசித்ததற்கு அந்தப் பத்து வரியில் பதில் இருக்கிறது என்பது உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது.

அவளுக்குக் கால் வீக்கம் இருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா

•

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன்.

நீ சொன்ன வரிசையில் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. motor.o என்ற ஃபைலின் கட்டமைப்பு i386, வெளியீட்டின் கட்டமைப்பு x86-64, இரண்டும் ஒத்துப்போகாது என்று வருகிறது. என்னென்னவோ செய்து பார்த்தேன். சிடியில் கீறல் விழுந்திருக்கிறது போலிருக்கிறது. கட்டளைப் பட்டியலும் திறக்க மாட்டேன் என்கிறது. தெரிந்த ஒருவரைக் கேட்டேன். இவ்வளவு பழைய புரோகிராமைப் புது மெஷினில் கொண்டுவருவது நடக்காத காரியம் என்கிறார்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இதை இத்தோடு விட்டுவிடலாம். உனக்கு இன்னும் மூன்று வருடம். நன்னடத்தைக்குக் கழித்தால் இரண்டேகால். நீ வெளியே வரும்போது குழந்தை பேசிக்கொண்டிருக்கும். வக்கீலம்மாவிடம் முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

மே 2

வாலு,

பத்து வருடமாக உன்னை இப்படிக் கூப்பிடவில்லை. இன்றைக்குக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. சின்ன வயதில் நீ பொய் சொன்னால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன், ‘வாலு’ என்று மட்டும் சொல்வேன். உடனே அழுதுவிடுவாய்.

நீ எழுதியிருக்கும் எரர் இப்போது வர முடியாது. அது முதல் வாசலில் வரும் எரர். -m elf_i386 போட்டதும் போய்விட்டது என்று நீயே மார்ச் 14ஆம் தேதி எழுதினாய். அதைத் தாண்டி, சி லைப்ரரியைத் தாண்டி, varambuவில் வந்து நின்றாய். ஏப்ரல் 9ஆம் தேதி நான் எழுதிக் கொடுத்த வரியிலும் அந்த -m elf_i386 இருக்கிறது. வரிசை மாற்றியதற்காக ஒரு ஃபைலின் கட்டமைப்பு மாறாது. சிடியில் கீறல் இருந்தால் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று வரும், இப்படி வராது. பிப்ரவரி 26ஆம் தேதி கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து அதேதான். பழைய எரரை ஒரு காகிதத்திலிருந்து இன்னொரு காகிதத்துக்குக் காப்பி பண்ணியிருக்கிறாய்.

ஆகவே லிங்க் ஆகிவிட்டது. ஓட்டியும் பார்த்துவிட்டாய். பட்டியலையும் படித்துவிட்டாய். அதில் நீ எனக்குச் சொல்ல விரும்பாத ஏதோ ஒன்று இருக்கிறது.

என் தப்பாக இருந்தால் நீ மறைத்திருக்க மாட்டாய். சத்தம் போட்டு அழுது, நாலு பக்கம் எழுதியிருப்பாய்.

இத்தனை வருடம் எனக்கு உறைக்காத ஒன்று இப்போது உறைக்கிறது. அன்று கட்டில் பக்கத்தில் நின்று “ஒரு எரர் இல்ல” என்றாய். ஃபைலைக் காப்பி பண்ணிவிட்டு வருகிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். எரர் வருமோ என்று பயந்து, வந்து, அதைப் போக்கியவன்தான் சொல்வான்.

என்ன பார்த்தாய்? ஒரு வரி போதும். பதினைந்தாம் தேதிக்குள் என் கைக்கு வந்தால் அது நீயாகச் சொன்னதாக இருக்கும்.

அக்கா

•

மே 21

அக்கா,

13ஆம் தேதி பெண் பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், இதற்கப்புறம் எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ இதைப் படிக்க மாட்டாய்.

அன்று உன் மெஷினில் உட்கார்ந்து காப்பி கட்டளையை அடித்தேன். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றி அடித்துவிட்டேன். பென் டிரைவில் lift என்ற பெயரிலேயே போன மாதத்து அரைகுறை ஃபைல் ஒன்று இருந்தது. அது உன் ஃபைலின் மேல் ஏறிக்கொண்டது. உன்னுடையது போய்விட்டது. மணி இரண்டு. மூன்று மணிக்குக் கிடங்கில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். நீ ஆஸ்பத்திரியில். போனை எடுத்தேன். அப்பா எப்படி இருக்கிறாரோ, இந்த நேரத்தில் இதைச் சொன்னால் கொன்றுவிடுவாயே என்று வைத்துவிட்டேன். லிங்க் பண்ணுவது என்ன பெரிய வித்தை என்று நானே அடித்தேன். varambu இல்லை என்று எரர் வந்தது. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று எழுதினேனே, அங்கேதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஃபைலாகச் சேர்த்துப் பார்த்தேன். summa.oவைச் சேர்த்ததும் எரர் போயிற்று. அது என்ன என்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல், “காப்பின்னு சொல்லுங்க தம்பி, ஒரே வார்த்தை, சிக்கல் இல்ல” என்றார். லிங்க் பண்ணினேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதனால்தான் விழுந்தது என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உன் ஏப்ரல் 9 கடிதம் வரைக்கும் தெரியாது. ‘எரரின் வாயை அடைத்துவிடாதே’ என்ற வரியைப் படித்தபோது கடையில் ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அன்றே நீ சொன்ன வரிசையில் லிங்க் பண்ணினேன். உச்சிக்கு மேலான உயரம் கொடுத்தேன். நின்றது அக்கா. ஏழாவது மாடியில் நின்றது. இருபது தடவை கொடுத்தேன், இருபது தடவையும் நின்றது. உன் பதினோரு வரியில் ஒரு தப்பும் இல்லை. பிறகு சும்மாவைச் சேர்த்து லிங்க் பண்ணினேன். நிற்கவில்லை. பட்டியலின் கடைசியில் அந்தக் கட்டளை அப்படியே இருக்கிறது. உன் லாகின்தான், ஆனால் தேதியும் நேரமும் போட்டிருக்கிறது. பிற்பகல் இரண்டு இருபது. நீ ஆஸ்பத்திரியில் இருந்த நேரம்.

உன் மே 2 கடிதம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. குழந்தை பிறக்கட்டும் என்று வைத்தேன். பிறந்ததும் ஒரு வாரம் போகட்டும் என்று வைத்தேன். அந்த மனிதர் மறுபடி வந்தார், பேட்டரி மாற்ற. குழந்தை பிறந்ததற்கு வாழ்த்திவிட்டு, “உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் உண்டா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

நேற்று மே 20. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குக் கோர்ட் மூடியிருக்கும். அதற்கப்புறம்தான் இந்தக் காகிதத்தை எடுக்கக் கை வந்தது.

என்ன எழுதி முடிப்பது என்று தெரியவில்லை.

தம்பி

•

மே 29

தம்பிக்கு,

குழந்தையைப் பற்றி எழுதியதைத்தான் முதலில் படித்தேன், கடைசியிலும் படித்தேன். உன் கணக்கு தப்பு.

பதினைந்தாம் தேதி வரை காத்திருந்தேன். பதினாறாம் தேதி வக்கீலம்மா வந்தார். உன் கடிதங்கள் நாலையும் அவரிடம் கொடுத்தேன். நான் எழுதியவற்றுக்கு இங்கே நகல் இருக்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் தேதியும். சிடி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது என்று நீ எழுதியது பிப்ரவரியில். அது திறக்கவில்லை என்று எழுதியது ஏப்ரலில், நான் அதைக் கேட்ட பிறகு. வர முடியாத எரரும் அதே கடிதத்தில். வக்கீலம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்துவிட்டு, “இவர் உங்க சொந்தத் தம்பிதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்தொன்பதாம் தேதி மனு உள்ளே போய்விட்டது. நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கோர்ட் அலமாரியில் இருந்தது.

நான் வெளியே வருவேனா என்று தெரியாது. பாதிக்குப் பாதி என்கிறார். சும்மாவை எழுதியது நான். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும், சோம்பலில் அதே இடத்தில் விட்டுவைத்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான். இதை அவரிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டிலும் சொல்வேன். மூன்று பேருக்கு நீ மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீ காரணம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்கவில்லை. கேட்காதே. தெரிந்த பிறகு ஐந்து வாரம் பேசாமல் இருந்திருக்கிறாய். அந்த ஐந்து வாரத்தை நான் இன்னும் எங்கேயும் வைக்க முடியவில்லை.

உன்னுடைய மே 21 கடிதமும் வக்கீலம்மாவிடம் போக வேண்டும். ‘ஏழாவது மாடியில் நின்றது’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளக் கடிதப் பிரிவு அம்மாவிடம் அனுமதி கேட்டேன். “வெறும் வரிதானே, எழுதிக்கங்க” என்றார். எழுதி உறை ஒட்டும் மேசையில் என் பக்கத்து ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குப் பால் கொடுக்க, அவள் குழந்தையோடு இருக்கும்போது, கீழே பூட்டுக்காரர் வீட்டில் யாரையாவது கேட்டு ஏற்பாடு பண்ணு. இப்போதே பண்ணு. நீ வீட்டில் இல்லாமல் போகும் நாள் வரலாம். அந்த மனிதர் மறுபடி வந்தால், கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல். எங்கே இருக்கிறாள் என்றும் சொல்.

கோர்ட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், நிபுணர் ஒருவரும் வருவார். மெஷினையும் சிடியையும் கேட்பார்கள். எதையும் அழிக்காதே, எதையும் சுத்தம் செய்யாதே. அவர்கள் முன்னால் இரண்டு தடவை லிங்க் பண்ணிக் காட்டு. முதலில் நான் சொன்ன வரிசையில். பிறகு அன்றைக்கு நீ போட்டபடி, summa.oவையும் சேர்த்து. இரண்டிலும் உச்சிக்கு மேலான உயரத்தைக் கொடுத்து, அவர்களையே பார்க்கச் சொல். அவசரப்படாமல் அடி.

-m elf_i386 போட மறந்துவிடாதே. மறந்தால் அந்த முதல் எரர் வரும். இந்தத் தடவை அது உண்மையிலேயே வரும்.

அக்கா